டிக்கெட்டின் பின்பக்கம்

டிக்கெட்டின் பின்பக்கத்தை நான் படிக்கவில்லை. சின்னராசு படித்தான். படித்ததோடு நிற்காமல் என்னிடம் வந்து சொல்லவும் செய்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சொன்னால், எனக்குத் தெரியாமல் ஏதோ நடந்துபோயிற்று என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அதை மறுக்காமல் இருந்துவிடுவேன். என் புத்தி அப்படி.

தேர்வாய் கண்டிகையில் பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். பெயர் அன்புராஜ். பிறக்கும்போதே சூப்பர்வைசராகப் பிறந்தவன் இல்லை. கும்மிடிப்பூண்டியில் வேறொரு கம்பெனியில் ஆறு வருஷம் காண்ட்ராக்ட்டில் பெட்டி தூக்கினேன். டோக்கன் நம்பர் முப்பத்தேழு. அதையெல்லாம் மறந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் மறந்துதான் போயிருந்தேன்.

எங்கள் கேன்டீன் மொட்டை மாடியில் நின்றால் மேற்கே தேன்கோனை மலை தெரியும். காப்புக்காடு. நினைத்தவுடன் ஏறிவிட முடியாது. ஆன்லைனில் தேதி பார்க்க வேண்டும், ஆளுக்கு இவ்வளவு என்று நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், ஆதார் நம்பரோடு பெயர் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு மேல் விடமாட்டார்கள். போன வருஷம் முழுக்க எங்கள் செக்ஷனில் ஒரு விபத்துகூட இல்லை என்று கம்பெனியே பத்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தது. பத்தும் பர்மனென்ட் ஆட்களுக்கு. அடிபடாமல் வேலை பார்த்ததில் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் பங்கு உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

போவதற்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தப் பத்துப் பேரில் ஒருவனான சரவணன் வந்து, மச்சானுக்கு ஆரணியில் நிச்சயதார்த்தம், வர முடியாது என்று கையை விரித்துவிட்டான். டிக்கெட் ரத்து செய்தால் பணம் திரும்ப வராது. சும்மா போகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. அப்போதுதான் சின்னராசு ஞாபகம் வந்தான்.

சின்னராசு எங்களிடம் ஏழு வருஷமாகக் காண்ட்ராக்ட். முப்பத்தாறு வயது, கவரைப்பேட்டைக்காரன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மதியம் மாடியில் அந்த மலையைப் பார்த்த மாதிரி உட்கார்ந்துதான் டிபன் பாக்ஸைத் திறப்பான். ஒருமுறை என்னிடம், "சார், அங்க மேல ஏறுனா நம்ம கம்பெனி தெரியுமா?" என்று கேட்டான். எனக்கென்ன தெரியும்? "தெரியும் தெரியும், போய்ப் பெட்டிய ஒட்டு" என்று விரட்டிவிட்டேன்.

அவனைக் கூப்பிட்டேன்.

"ராசு, ஞாயித்துக்கெழம இன்னா பண்ற?"

"ஓவர்டைமா சார்? வந்துடறேன்."

"ஓவர்டைம் இல்லடா. மலை. சரவணன் டிக்கெட் சும்மா போவுது. நீ வா."

அவன் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே சுருங்கியது. "அது அவுரு பேர்ல இருக்குமே சார்?"

"இருந்தா இன்னா? நம்ம கேட்ல நடக்காததா?"

அது என்னவென்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் காண்ட்ராக்ட் கேட்டில் 'ஆள் நிற்பது' என்று ஒரு பழக்கம் உண்டு. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் தம்பியோ பக்கத்து வீட்டுக்காரனோ அவன் டோக்கனை எடுத்துக்கொண்டு வந்து, அவன் பெயரைக் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று சொல்லி, ஷிப்ட்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவான். காண்ட்ராக்டருக்குத் தலை எண்ணிக்கைதான் கணக்கு, முகம் இல்லை. யாரும் அதைத் திருட்டுத்தனம் என்று சொல்வதில்லை. நானே என் சித்தப்பா மகனுக்காகப் பத்து நாள் நின்றிருக்கிறேன். காட்டு கேட்டும் ஒரு கேட்தானே என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சின்னராசு, நான் கொடுத்திருந்த டிக்கெட் பிரிண்ட்டைப் பத்திரமாக நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"சார், பின்னாடி போட்டிருக்குது. பேர் மாத்தணும்னா மொத நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள மாத்திக்கலாமாம். நூறு ரூபாதான். நானே குடுத்துடறேன் சார்."

"டேய், நீ இன்னா வக்கீலா? நாங்க பாக்காத டிக்கெட்டா? வர்றதா இருந்தா வா, இல்லன்னா சொல்லு, வேற ஆளக் கூட்டினு போறேன். பேஜாரு பண்ணாத."

"வரேன் சார்" என்றான்.

நூறு ரூபாய் எனக்குப் பெரிய காசில்லை. டிக்கெட் எடுத்தது கம்பெனி கணக்கில். பெயர் மாற்ற வேண்டுமென்றால் ஹெச்.ஆர். காயத்ரி மேடத்திடம் போய், காண்ட்ராக்ட் ஆளைக் கூட்டிக்கொண்டு போகட்டுமா என்று கேட்டு நிற்க வேண்டும். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. நானே கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று ஆசை.

இன்னொன்றும் உண்டு. அந்த மாதம்தான் காண்ட்ராக்ட் ஆட்களில் நான்கு பேரை பர்மனென்ட் ஆக்க லிஸ்ட் போட்டிருந்தார்கள். அதில் மூன்றாவது பெயர் சின்னராசு. சிபாரிசு எழுதியது நான். அவன் என் பேச்சைத் தட்டியிருக்க முடியுமா? முடியாது. அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது என்று எழுதினால் அதுவும் பொய்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குக் கவரைப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் பஸ் நின்றது. சின்னராசு கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவைத் துடைத்துப் பளபளவென்று போட்டுக்கொண்டு வந்திருந்தான். தோளில் பெரிய துணிப்பை. அவன் மனைவி கன்னியம்மா மூன்று மணிக்கே எழுந்து பத்துப் பேருக்கும் எலுமிச்சை சாதம் கிளறி, வாழையிலையில் கட்டிக் கொடுத்திருந்தாள். மேலே பிளாஸ்டிக் எடுத்துப் போகக் கூடாது என்று டிக்கெட்டின் பின்பக்கத்தில் போட்டிருந்ததாம்.

செக்போஸ்ட்டில் யேசுதாஸ் என்று ஒரு வனக்காப்பாளர். ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடி, தணிந்த குரல். பைகளைப் பிரித்து பிஸ்கட் கவரையெல்லாம் எடுத்து ஒரு பெட்டியில் போட்டார். பிறகு பர்மிட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார்.

"சரவணன்."

"இருக்கேன் சார்" என்றான் சின்னராசு, கொஞ்சமும் தயங்காமல்.

"ஆதார்?"

நான் முந்திக்கொண்டேன். "ஊட்ல மறந்துட்டு வந்துட்டான் சார். நம்ம ஆளுதான். நான் கேரண்டி. கம்பெனி சூப்பர்வைசர் சார் நான்."

அவர் என் ஐ.டி. கார்டைப் பார்த்தார். "சரி, கம்பெனி ஆளுங்க பொய்யா சொல்லப் போறீங்க" என்று ரிஜிஸ்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நான் முதலில், சுழித்து, பெரிதாக. சின்னராசு கடைசியில்.

அவர் ரிஜிஸ்டரைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார். "சின்னராசு, நூத்திப் பதினாலு." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இது இன்னா நம்பரு?"

எனக்குச் சுருக்கென்றது. காண்ட்ராக்ட் ஆட்களின் வருகைப் பதிவேடான மஸ்டரில் பெயரும் பக்கத்தில் டோக்கன் நம்பரும் தெளிவாக இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் கட். ஏழு வருஷம் தினமும் இரண்டு வேளை அப்படிப் போட்டுப் பழகிய கை. பெயரைக் கூப்பிட்டால் யாராக வேண்டுமானாலும் 'இருக்கேன்' சொல்ல அவனுக்குத் தெரியும். பேனாவைக் கையில் கொடுத்தால் அவனுக்கு அவனாக மட்டும்தான் இருக்க முடிந்தது. முப்பத்தேழு என்று போட்டுப் போட்டுப் பழகியவன்தானே நான்? ஒரு வார்த்தை எச்சரித்திருக்க வேண்டாமா?

"சரவணன் இல்லியா நீ?" என்று கேட்டார் யேசுதாஸ். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் என் பக்கம் திரும்பினார். "இவர யாரு கூட்டினு வந்தது? தப்பான பேர்ல காட்டுக்குள்ள நுழைஞ்சா கேஸு தெரியும்ல?"

கேஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு சூப்பர்வைசர் நாற்காலி கண்முன் வந்தது. பெண்ணின் காலேஜ் ஃபீஸ் வந்தது. காயத்ரி மேடத்தின் முகம் வந்தது.

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். "விடிகாலை இருட்டு. பஸ்ல யாரு ஏறுனாங்கன்னு நான் கவனிக்கல. இவனாத்தான் வந்துட்டான்."

சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"இப்பதானே நம்ம ஆளு, கேரண்டின்னீங்க?"

"சரவணன்னு நெனச்சி சொன்னேன் சார்."

சூரியன் நன்றாக ஏறியிருந்தது. அவன் எனக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். ஏழு வருஷமாகத் தினமும் பார்க்கிற முகத்தை வேறொருவன் என்று நினைத்தேனாம். மற்ற எட்டுப் பேரும் தங்கள் ஷூவைக் குனிந்து பார்த்தார்கள். அத்தனை பேருக்கும் தெரியும். ராபின் மட்டும் ஒருமுறை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், பிறகு அவனும் குனிந்துகொண்டான். சூப்பர்வைசருக்கு எதிராக எவன் வாயைத் திறப்பான்?

யேசுதாஸ் சின்னராசுவைக் கேட்டார். "இன்னாப்பா, அப்படியா?"

"ஆமாங்க" என்றான். "நான்தான் சொல்லாம வந்துட்டேன். சாருக்குத் தெரியாது."

அவர் அவனையும் நம்பவில்லை, என்னையும் நம்பவில்லை. பேனாவைத் திறந்துகொண்டே, "டிக்கெட் பின்னாடியே போட்டிருக்குதேப்பா, பேர் மாத்திக்கலாம்னு. நூறு ரூபாய்ல முடிஞ்சிருக்கும். படிக்கக் கூடாதா?" என்றார்.

நியாயமாக அப்போது சின்னராசு என்னைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அவன் பார்க்கவில்லை. ஷூ முனையால் மண்ணில் கிடந்த ஒரு கல்லை நகர்த்திக்கொண்டு, "தப்புதாங்க" என்றான். அவன் என்னை ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அபராதம் போட்டு, பெயர் எழுதி, ரேஞ்ச் ஆபீசுக்கு ஒரு நகலும் டிக்கெட் எடுத்த கம்பெனிக்கு ஒரு நகலும் போகும் என்றார். அபராதத்தை நான் கட்டினேன். 'பாவம், போகட்டும்' என்கிற மாதிரி முகத்தை வேறு வைத்துக்கொண்டேன். தூ!

நாங்கள் கிளம்பும்போது சின்னராசு துணிப்பையை என் கையில் கொடுத்தான். "எடுத்துக்கினு போங்க சார். மேல போனா பசிக்கும்."

வாங்கிக்கொண்டேன். மேலே போனோம். உச்சியில் ஒரு சுனை இருந்தது. அதன் கரையில் உட்கார்ந்து அந்த எலுமிச்சை சாதத்தைத் தின்றோம். பத்துப் பொட்டலம், ஒன்பது பேர். மிச்சமான ஒன்றையும் யாரோ பிரித்துப் பகிர்ந்துகொண்டார்கள். முதல் வாய் எனக்குத் தொண்டையில் நின்றது. இரண்டாவது வாய் இறங்கிவிட்டது. பசி அப்படி.

மூன்று மணிக்குக் கீழே வந்தபோது அவன் செக்போஸ்ட் பக்கத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, யேசுதாஸ் பிடுங்கிப் போட்ட பிளாஸ்டிக் கவர்களைத் தரம் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தான். மற்றவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் கூச்சம் விட்டுப்போய், சுனைத் தண்ணீர் பல் கூசுகிற அளவுக்குச் சில்லென்று இருந்ததையும், மேலே அடித்த காற்றில் ராபின் தொப்பி பறந்ததையும், அங்கிருந்து எங்கள் கம்பெனி ஷெட் தீப்பெட்டி சைஸில் தெரிந்ததையும் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டு வந்தார்கள். நானும் பேசினேன். அவன் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

புதன்கிழமை நகல் வந்துவிட்டது. காயத்ரி மேடம் எங்கள் இருவரையும் ரூமுக்குக் கூப்பிட்டார். போகும் வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். "மேடம், தப்பு என்னுது." மூன்றே வார்த்தை.

"அன்பு சார், இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நான் அந்த மூன்று வார்த்தையைத் தேடினேன். அந்த இடைவெளியில் சின்னராசு சொல்லிவிட்டான். "சாருக்குத் தெரியாது மேடம். சரவணன் அண்ணன் டிக்கெட்ட நானா எடுத்துக்கினு போய்ட்டேன்." அன்று செக்போஸ்ட்டில் சொன்னதை அப்படியே காப்பாற்றினான். ஒருவேளை நான் சூப்பர்வைசராக இருந்தால்தான் தன் பெயர் பிழைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கலாம். எனக்காக நின்றான். எங்கள் கேட் பழக்கம்.

நான் வாயைத் திறக்கவில்லை. மேடம் லிஸ்ட்டை எடுத்து மூன்றாவது பெயரின் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். "கேஸ் ஹிஸ்டரி இருந்தா மேல ஒத்துக்க மாட்டாங்க" என்றார். கோணாமல் நேராக வந்தது அந்தக் கோடு.

இரண்டு வாரம் ஒழுங்காகத் தூங்கவில்லை. மூன்றாவது வாரம் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் கூட்டிக்கொண்டு போனது, அவன் பெயர் மாற்றச் சொன்னது, நான் திட்டியது, மறுத்தது எல்லாம். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

"லிஸ்ட் ஹெட் ஆபீஸ் போயிடுச்சு சார். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க இத எழுத்துல குடுத்து உங்களையும் மாட்டிக்காதீங்க. விடுங்க."

விட்டுவிட்டேன். எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. உண்மையைச் சொன்னதற்குத் தண்ணீர் கிடைத்தது, அவ்வளவுதான்.

அன்று ராத்திரியே ஆன்லைனில் உட்கார்ந்து அடுத்த மாதத்துக்கு ஒரு டிக்கெட் போட்டேன். அவன் ஆதார் நம்பர் ஆபீஸ் ஃபைலில் இருந்தது. பெயர்: சின்னராசு. இந்தத் தடவை பின்பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடித்து, அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கவரைப்பேட்டைக்குப் போனேன். காலில் விழக்கூடத் தயாராகத்தான் போனேன்.

கன்னியம்மாதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அய்யோ, சாரா! வாங்க வாங்க. நம்ம ஊட்டுக்கெல்லாம் வந்துக்கீறீங்களே. இந்தா பாரு, யாரு வந்துக்கீறாங்கன்னு!"

சின்னராசு உள்ளேயிருந்து வந்தான். என்னைப் பார்த்ததும் அவன் கண் ஒரு நொடி மிரண்டது. நான் என்ன சொல்லிவிடுவேனோ என்ற பயம். அது ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். "லிஸ்ட்ல பேரு வரலன்னு இவரு கொஞ்சம் ஒடிஞ்சி போய்ட்டாரு சார். நான்தான் சொன்னேன், சார் இருக்காரு, அடுத்த தடவ பண்ணிக் குடுப்பாருன்னு. கம்பெனி டிக்கெட்ல மலைக்கே கூட்டினு போனவரு உட்டுடுவாரா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"மேல சுனைத் தண்ணி பல்லெல்லாம் கூசுதாமே சார்? காத்துல ராபின் தம்பி தொப்பி பறந்துடுச்சாமே! சொல்லிச் சொல்லி சிரிக்கிறாரு. நம்ம கம்பெனி தீப்பெட்டி மாதிரி தெரிஞ்சிதாம். ஏழு வருசமா கேட்டுக்கினு இருந்தாரு சார், தெரியுமா தெரியுமான்னு. நீங்க புண்ணியவான். எலுமிச்சஞ்சோறு பத்துச்சா சார்? உப்பு சரியா இருந்துச்சா?"

நான் சின்னராசுவைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸின் கடைசி சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு அவன் தூங்கவில்லை. நாங்கள் பேசியதை ஒன்றுவிடாமல் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்து பெண்டாட்டியிடம் தன் மலையாகக் கொடுத்திருக்கிறான். மூன்று மணிக்கு எழுந்து சாதம் கிளறியவளிடம் வேறு என்ன சொல்வான்?

மன்னிப்புக் கேட்கப் போனவன் நான். கேட்டால் என் பாரம் இறங்கும், அவன் மலை போய்விடும். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் பட்டதெல்லாம் பயம். அன்றைக்குத்தான் வெட்கம்.

"நல்லா இருந்துச்சிம்மா" என்றேன். "பத்துப் பேரும் வயிறாரச் சாப்ட்டோம்."

சின்னராசுவின் தோள் தளர்ந்தது.

வண்டி வரைக்கும் வழியனுப்ப வந்தான். தெருமுனை திரும்பியதும் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். "ராசு, உன் பேர்ல" என்றேன்.

அவன் வாங்கிப் பெயரைப் படித்தான். ஆதார் நம்பரைப் படித்தான். பிறகு திருப்பி, பின்பக்கத்தை நிதானமாக, மேலிருந்து கீழ்வரைக்கும் படித்தான். படித்து முடித்ததும் முன்பிருந்த மடிப்பிலேயே மடித்து என் சட்டைப்பையில் வைத்தான்.

"பேர் மாத்த மொத நாள் சாயங்காலம் வரைக்கும் டயம் இருக்குது சார். வேற யார்னா போவட்டும்" என்றான். "நான்தான் போய்ட்டு வந்துட்டேனே."